பிள்ளையின் நலமும் பெற்றோரின் பங்கும்: ஒரு வரலாற்று நோக்கு

திருச்சிராப்பள்ளியில் சுவார்ட்ஸ் ஐயர் ஆற்றிய பணியைக் கற்போர், 1766-இல் எழுந்த கிறிஸ்து ஆலயத்தையே முதலில் நினைவுகூர்வர். அதற்கும் முற்பட்டது, அநாதைப் பிள்ளைகளுக்காக அவர் மேற்கொண்ட பணி. 1760-களின் தொடக்கத்தில் இந்நகரில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டனர். தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளை அவர் ஒன்றுசேர்த்து, உணவும் கல்வியும் கிடைக்கச் செய்தார். பெற்றோர் இல்லாத இடத்தில் திருச்சபை பெற்றோராய் நின்றது. அது அக்காலத்தின் தேவை.

ஆயினும், ஒரு நெருக்கடியில் செய்த நற்செயல் நாளடைவில் நிலையான வழக்கமாகிவிடுவதுண்டு. 1876-78 ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தையடுத்து மிஷன்களின் அநாதை இல்லங்கள் நிரம்பின, விடுதிகளும் பெருகின. பெற்றோர் உயிரோடிருந்த பிள்ளைகளும் அவற்றில் வளர்ந்தனர். இதனால் பல்லாயிரவர் கல்வி பெற்றனர் என்பதை மறுக்க இயலாது. ஆனால், ஏழைப் பெற்றோரால் பிள்ளையைச் செவ்வனே வளர்க்க இயலாது, நாமே வளர்க்கவேண்டும் என்னும் எண்ணமும் கூடவே வேரூன்றியது.

இவ்வெண்ணத்திற்கு மாற்றான வழியொன்றை மருத்துவ மிஷனெரிகள் சிலர் கண்டனர். 1950-களில் நைஜீரியாவில் மெதடிஸ்ட் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய டேவிட் மோர்லி என்னும் மருத்துவர், குழந்தையின் எடையைத் திங்கள்தோறும் குறிக்கும் அட்டையொன்றை வகுத்தார். அந்த அட்டையை மருத்துவமனையில் பூட்டிவைக்காமல் தாயிடமே அவர் ஒப்படைத்தார். எழுத்தறியாத தாயும் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கண்டுகொள்ளலாம். பிள்ளையின் நலத்தைக் காக்கும் முதற் பொறுப்பாளி தாயே என்பதை அச்சிறு அட்டை ஏற்றுக்கொண்டது.

நம் மாநிலத்திலும் இவ்விரு வழிகளும் அடுத்தடுத்துத் தோன்றின. 1982 ஜூலை 1-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பசித்த பிள்ளைக்கு நேரடியாக உணவளித்த பெருந்திட்டம் அது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1980-இல், உலக வங்கியின் உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கியிருந்தது. இதில் 6 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகள் திங்கள்தோறும் நிறுக்கப்பட்டனர். எடை குன்றிய குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துணவு அளிக்கப்பட்டது. அதனோடு, வீட்டிலுள்ளதைக் கொண்டே எவ்வாறு ஊட்டுவது, வயிற்றுப்போக்கின்போது என்ன செய்வது என்பவை தாய்க்குக் கற்பிக்கப்பட்டன. இவ்விரு திட்டங்களுள் எது பெரிது என்று வாதிடுவது நம் நோக்கமன்று. உணவு பசியாற்றும், தாய் கற்ற அறிவோ அடுத்த குழந்தைக்கும் பயன்படும்.

வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளைப் பொறுத்தவரை வேலூரின் அனுபவம் நமக்கு மிகவும் அணுக்கமானது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையத்தை நிறுவியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கும் முறை கையாளப்பட்டது. நோயாளிகளை உறவினரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த காலம் அது. பின்னர் அங்கு குழந்தைகளுக்கென அமைந்த நம்பிக்கை நிலையமும் இம்மரபையே பின்பற்றியது. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையோடு பெற்றோரும் தங்கி, உண்ணவும் உடுத்தவும் பேசவும் பிள்ளையைப் பழக்கும் முறைகளைக் கற்கின்றனர். 1999-இல் வெளியான வேலூர் ஆய்வொன்றில், 10 வாரங்கள் குழுவாகக் கூடிக் கலந்துரையாடிக் கற்ற பெற்றோரின் மனப்பாங்கு குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. பெற்றோருக்கு அறிவு மட்டுமன்று, தம்மைப்போன்ற பிற பெற்றோரின் துணையும் தேவை என்பது இதனின்று புலனாகும்.

இங்கேதான் நம்முடைய பொறுப்பும் தொடங்குகிறது. குறையுள்ள பிள்ளையைப் பெற்றோர் மருத்துவரிடம் செல்லுமுன் ஆயரிடம் வருவதுண்டு. அவர்கள் வாய்விட்டுக் கேட்டாலும் கேளாவிடினும், யார் செய்த பாவம் என்னும் வினா உள்ளத்தை அரித்துக்கொண்டிருக்கும். பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர் கேட்டதும் அதுவே. அவன் பாவமுமன்று, பெற்றோர் பாவமுமன்று என்று ஆண்டவர் விடையளித்ததை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். இதை நாம் பீடத்தில் விளக்குகிறோம். ஆனால், வீடு சந்திக்கையில் மனந்திரும்புதலையும் உபவாசத்தையும் மட்டும் கூறிவிட்டுத் திரும்பினால், பழியை மீண்டும் பெற்றோர் மேலேயே சுமத்தியவராவோம். அவ்வாறு கழியும் மாதங்கள் பிள்ளைக்குத் திரும்பக் கிடையா. மூளை விரைந்து வளரும் முதற் சில ஆண்டுகளில் அளிக்கும் பயிற்சியே மிகுந்த பலன் தரும்.

2013 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைநலத் திட்டம், பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிய வழிசெய்கிறது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பரிசோதனை நிகழ்கிறது. மாவட்ட அளவில் தொடக்கநிலைச் சிகிச்சை மையங்களும் அமைக்கப்படுகின்றன. திருச்சியிலோ திருவரங்கத்திலோ சபைப் பொறுப்பேற்கும் இளம் ஆயர் இவ்வழிகளை அறிந்திருத்தல் வேண்டும். பெற்றோரோடு ஒருமுறை உடன்செல்லலாம். அத்தகைய பெற்றோர் சிலரை மாதம் ஒருமுறை ஆலய வளாகத்தில் கூட்டலாம். ஞாயிறு பள்ளியில் அப்பிள்ளைக்கும் ஓரிடம் அளிக்கலாம்.

பெற்றோரற்ற பிள்ளைகளுக்குச் சுவார்ட்ஸ் ஐயர் பெற்றோராக நின்றார். பெற்றோருள்ள பிள்ளைகளுக்கு நாம் செய்யத்தக்கது வேறு. அவர்கள் இடத்தை நாம் எடுத்துக்கொள்ளாமல், அவர்கள் தம் இடத்தில் தளராது நிற்கத் துணைபுரிவதே நம் திருப்பணி.