நெருக்கடியும் ஜனாதிபதி அதிகாரமும்: 1961 ஆம் ஆண்டில் பிரான்சு

இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியல் யாப்பினை ஆராய்வோர், பிரான்சின் ஐந்தாவது குடியரசை அதன் முன்மாதிரிகளுள் ஒன்றாகச் சுட்டுவது வழக்கம். பிரெஞ்சு ஜனாதிபதி பதவியின் அதிகாரங்கள் எத்தகைய வரலாற்றுச் சூழலில் உருவாயின, நெருக்கடி வேளையில் அவை எவ்வாறு கையாளப்பட்டன என்பவற்றையும் உடன்வைத்து நோக்குதல் அவசியமாகும்.

1954 இல் விடுதலைப் போர் மூண்ட அல்ஜீரியாவில், 1958 மே 13 ஆம் திகதி ஐரோப்பியக் குடியேறிகளும் இராணுவத் தளபதிகள் சிலரும் பாரிஸ் அரசாங்கத்திற்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். நான்காவது குடியரசு நிலைகுலைந்தது. ஜெனரல் டி கோல் ஆட்சிப்பொறுப்பேற்றார். அவ்வாண்டு ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய யாப்பின் 16 ஆம் உறுப்புரை, குடியரசின் நிறுவனங்கள், நாட்டின் சுதந்திரம் முதலியவற்றுக்குக் கடுமையானதும் உடனடியானதுமான அச்சுறுத்தல் நேர்ந்து, அரச அங்கங்களின் ஒழுங்கான செயற்பாடும் தடைப்படுமிடத்து, வேண்டிய நடவடிக்கைகள் அனைத்தையும் ஜனாதிபதி தாமே மேற்கொள்ள இடமளித்தது. 1940 இல் ஜேர்மானியப் படையெடுப்பின்போது குடியரசுத் தலைவர் செயலற்றிருந்தமையே இதற்கு நியாயமாகக் காட்டப்பட்டது.

1961 ஏப்பிரல் 22 ஆம் திகதி ஷால், ஸுவோ, ஸெல்லர் ஆகிய ஜெனரல்கள் அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றினர். மறுநாள் சலானும் அவர்களுடன் இணைந்தார். அன்றே, அதாவது 23 ஆம் திகதி, டி கோல் 16 ஆம் உறுப்புரையைப் பிரயோகித்தார். அச்சுறுத்தல் இருந்தமை மறுக்கவொண்ணாதது. ஆனால் பாரிஸில் அரசாங்கமும் பாராளுமன்றமும் இயங்கியவண்ணமே இருந்தமையால், இரண்டாவது நிபந்தனை நிறைவேறியதா என்பது அன்றே சர்ச்சைக்குரியதாயிற்று.

கிளர்ச்சி நான்கு நாட்களில் வீழ்ந்தது. அதனை வீழ்த்தியது யார் என்ற வினா இங்கு முக்கியமானது. கட்டாயப் படைச்சேவையிலிருந்த இளைஞர்கள் டி கோலின் உரையைச் சிறு வானொலிப் பெட்டிகளிற் கேட்டுக் கிளர்ச்சித் தளபதிகளுக்குப் பணிய மறுத்தனர். பிரான்சின் தொழிலாளர்கள் 24 ஆம் திகதி ஒரு மணிநேர வேலைநிறுத்தத்தால் தம் எதிர்ப்பைப் புலப்படுத்தினர். ஜனாதிபதியின் குரலுக்கு வலுவளித்தது உறுப்புரையின் வாசகம் மாத்திரமன்று. கீழ்மட்டத்திலிருந்து எழுந்த இம்மறுப்புமாகும்.

எனினும் விசேட அதிகாரம் செப்டெம்பர் 29 வரை, ஐந்து மாதங்களுக்கு மேலாக, நீடித்தது. அதன்கீழ் விசேட இராணுவ நீதிமன்றம் நிறுவப்பட்டது. பொலிஸ் தடுப்புக்காவலின் காலம் 15 நாட்களாக நீட்டப்பட்டது. பாராளுமன்றம் கூடும் உரிமையை உறுப்புரை உறுதிசெய்திருந்தபோதிலும், செப்டெம்பரில் முன்வைக்கப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஏற்கத்தக்கதன்று எனச் சபாநாயகர் தீர்ப்பளித்தார். கூடலாம், ஆயின் வீழ்த்தலாகாது என்பதே இதன் பொருள். 1962 இல் உயர் நிருவாக நீதிமன்றமும், அவ்வுறுப்புரையைப் பிரயோகிக்கும் முடிவு தனது பரிசீலனைக்கு அப்பாற்பட்டதென்றது.

1964 இல் ‘நிரந்தரச் சதிப்புரட்சி’ என்னும் நூலில் இவ்வாட்சிமுறையைச் சாடிய மித்தரோன், 1981 முதல் 1995 வரை தாமே ஜனாதிபதியாக இருந்தார்; 16 ஆம் உறுப்புரை அப்போதும் நீங்கவில்லை. 2008 ஆம் ஆண்டுத் திருத்தம், 30 நாட்களின் பின் இரு சபைத் தலைவர்களோ 60 உறுப்பினர்களோ யாப்புப் பேரவையை நாடவும், 60 நாட்களின் பின் பேரவை தானே ஆராயவும் வழிசெய்தது. ஆயினும் பேரவை வழங்குவது பகிரங்க அபிப்பிராயமே.

நெருக்கடி அதிகாரம் எப்போது தொடங்கலாம் என்பதை யாப்புகள் விரிவாக வரையறுக்கின்றன. அது எப்போது முடியவேண்டும் என்பதை, அதனை வகிப்பவரிடமே பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. 1961 இன் வரலாற்றிலிருந்து நாம் பெறும் முதன்மையான படிப்பினை இதுவேயாகும்.