‘பழகிப் போயிருக்கும்’: நாற்றத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துபோட்டு ஒருவர் இடுப்பளவு இறங்கி நின்றுகொண்டிருந்தார். எதிர் டீக்கடையில் நாங்கள் நாலைந்து பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். ‘எப்படித்தான் நிக்கிறாரோ’ என்றேன். பக்கத்திலிருந்த தோழர், நிறையப் படித்தவர், சட்டென்று சொன்னார்: ‘அவங்களுக்கெல்லாம் பழகிப் போயிருக்கும்.’ குழிக்குள் நின்றவர் ஒரே ஒருவர். அந்த ‘அவங்களுக்கெல்லாம்’ என்ற பன்மை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

மூக்கு பழகுவது உண்மைதான். ஆனால் அது எல்லோருடைய மூக்குக்கும் பொதுவான உண்மை. மூக்கின் மேற்கூரையிலுள்ள நுகர்வுச் செல் ஒவ்வொன்றும் பொதுவாக ஒரே வகை ஏற்பியைத்தான் தாங்கியிருக்கிறது. மனிதரிடம் அப்படிச் சுமார் 400 வகை. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் அடையாளம் கண்டார்கள் (நோபல் பரிசு வர 2004 ஆகிவிட்டது). வாசனை மூலக்கூறு ஏற்பியில் ஒட்டியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது, அயனி வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, மூளைக்குச் செய்தி போகிறது. வேடிக்கை என்னவென்றால், செய்தி அனுப்ப உதவிய அதே கால்சியம்தான் செல்லை மந்தப்படுத்தும் வேலையையும் தொடங்கி வைக்கிறது. எந்த வழியாக என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. கால்சியம் கால்மோடுலின் புரதத்துடன் சேர்ந்து வாயில்களைத் தளர்த்துகிறது என்று 1997இல் தந்த விளக்கத்தை 2008இல் சுண்டெலிகளில் நடந்த சோதனை கேள்விக்குள்ளாக்கியது.

எப்படியானாலும் இது நொடிக்கணக்கில் நடக்கிற காரியம். நல்ல காற்றில் கொஞ்ச நேரம் நின்றால் செல் பழைய நிலைக்கு மீள்கிறது. பழகிய செல் செத்த செல்லும் அல்ல. நாற்றம் இன்னும் வலுத்தால் மறுபடி பதில் சொல்லும். பரம்பரை பரம்பரையாக ஒரு சாதிக்கென்று பழகிக்கொடுக்கிற ஏற்பாடு எந்தச் செல்லிலும் கிடையாது. கால்மணி நேரத்தில் டீக்கடையில் எங்களுக்கும்தான் நாற்றம் குறைந்துபோனது. எங்களைப் பார்த்து யாரும் பழகிப் போச்சு என்று சொல்லவில்லை.

அப்படியானால் இந்தச் சொல்லுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலேன் கோர்பான் 1982இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு தடயம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மேட்டுக்குடியினரின் நாற்றச் சகிப்பு குறைந்துகொண்டே வந்தது. கூடவே நாற்றம் ஏழைகளின் உடல்மீது ஏற்றிச் சொல்லப்பட்டது. பிரான்சைப் பற்றிய இந்த வாதம் லண்டனுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். அங்கே எட்வின் சாட்விக் 1846இல் நாடாளுமன்றக் குழு முன்பு, கடும் நாற்றமெல்லாம் நோயே என்ற பொருள்படச் சாட்சி சொன்னார். நாற்றமே நோய் என்றால் அதை வீட்டைவிட்டுத் தள்ளினால் போதுமே! மலக்குழிகளின் கழிவு சாக்கடை வழியே தேம்ஸில் போய்ச் சேர்ந்தது. அதே ஆற்றுத் தண்ணீரை ஜனங்கள் குடித்தார்கள். 1848-49 காலராவில் லண்டனில் மட்டும் 14,000 பேருக்கு மேல் செத்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று ஜான் ஸ்நோ 1849லேயே எழுதினார். மூக்கை நம்பியவர்கள் காதில் அது ஏறவில்லை.

1858 கோடையில் ஆறு தாங்கமுடியாமல் நாறியது. ஆற்றங்கரையிலிருந்த நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைக் குளோரைடு சுண்ணாம்பில் (நம்மூர் ப்ளீச்சிங் பவுடர்தான்) நனைத்துத் தொங்கவிட்டார்கள். சாக்கடைச் சட்டம் 18 நாளில் நிறைவேறியது. கரையோர ஏழைகள் வருஷக்கணக்கில் முகர்ந்தது உறுப்பினர்களின் மூக்குக்கு வந்ததும் அரசியலாகிவிட்டது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தப்பான கொள்கையை நம்பிக் கட்டினாலும் பசல்கெட்டின் சாக்கடைகள் குடிநீரையும் காப்பாற்றின. 1866இல் லண்டனைத் தாக்கிய கடைசிக் காலரா, அந்த வேலை முடியாத கிழக்குப் பகுதியைத்தான் பிடித்தது.

இப்படித் தெருவிலிருந்த நாற்றம் பூமிக்கடியில் போனது. அடைத்துக்கொண்டால் யாராவது கீழே இறங்க வேண்டும். அன்று குழியிலிருந்து ஏறி வந்தவரிடம் பேச்சுக்கொடுத்தேன். ‘நாத்தம் வந்தா பயமில்ல சார். திடீர்னு வராம நின்னுச்சுன்னா ஏறிடணும்’ என்றார்.

அவர் சொன்னது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைப் பற்றி. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே அழுகின முட்டை வாடையாக அது தெரிந்துவிடும். 100 பங்கு ஆனால் சில நிமிடங்களில் வாடையே இல்லாமல் போகும். இது பழக்கமல்ல, நுகர்புலன் முடங்கிப்போவது. 700ஐத் தாண்டினால் சீக்கிரமே நினைவு தப்பும். மேலே நிற்பவர்கள் எதைப் பழக்கம் என்று நினைக்கிறார்களோ அது கீழே மரணத்தின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. 1993 முதல் சாக்கடையில் செத்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. ‘விஷவாயு தாக்கி’ என்று தொடங்கும் செய்திகள் பத்திரிகைகளில் நின்றபாடில்லை. அன்று மேலே நின்ற ஆளிடம் வாயு அளக்கும் கருவி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு கயிறு இருந்தது.