சத்தியநாராயணன், மகாதேவ்

சென்னை ஐஐடியில் பயின்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1983-இல் முனைவர் பட்டம் பெற்ற கணினி அறிவியலாளர். 2009-இல் மூவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், தொலைதூர மேகக் கணினி மையத்தை மட்டும் நம்பாமல், பயனரின் அருகிலேயே ‘கிளவுட்லெட்’ என்னும் சிறு மையத்தை வைக்கலாம் என்றார். தரவைப் பயனருக்கு அருகிலேயே செயலாக்கும் விளிம்புக் கணிமைக்கு அது முக்கிய வித்து. வலையமைப்பின் வேகம் கூடினால் இது வீண்தானே என்பது நியாயமான கேள்வி. ஆனால் அலைவரிசையைப் பெருக்கலாம், தொலைவைச் சுருக்க முடியாது: கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்வதால், 1,000 கி.மீ. போய்த் திரும்பவே 10 மில்லிநொடி ஆகும். இடையிலுள்ள ரவுட்டர்களின் தாமதம் தனி. சிறு மையங்களைப் பராமரிப்பது கடினம் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதற்கு அவரது வடிவமைப்பே விடை சொல்கிறது: நிலையான தரவு மேகத்தில் இருக்கும், அருகில் இருப்பது தற்காலிகப் படி மட்டுமே, அது பழுதானாலும் பெரிய இழப்பில்லை.