அரிதாரம் முதல் பான்கேக் வரை



நடிக்கப் புகுந்தவரை 'அரிதாரம் பூசிக்கொண்டவர்' என்று சொல்வது தமிழ் வழக்கு. கூத்துக் களரியின் பின்புறத்தில் முத்துவெள்ளையும் செந்தூரமும் தேங்காய் எண்ணெயில் குழைக்கப்படுவதைக் கண்டவர்களுக்கு இவ்வழக்குப் புதியதன்று. ஆனால், அரிதாரம் என்பது யாது? அது மஞ்சள் நிறமான ஒரு கனிப்பொருள். ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த கூட்டு. சித்த வைத்தியம் அதனைப் பாடாணங்களுள் வைத்து எண்ணும். ஒப்பனை என்ற பொருளில் நாம் இயல்பாக வழங்கும் ஒரு சொல்லுக்குள்ளே நஞ்சொன்று உறைந்து கிடக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் உரிய கதையன்று. முகத்தில் எழுந்த பருவையும், அது விட்டுச் சென்ற வடுவையும் மறைக்க மனிதர் பூசியவற்றின் வரலாறு நெடுகிலும் இந்த நஞ்சு தொடர்ந்து வருகிறது. அதனோடு ஏளனமும் தொடர்ந்து வருகிறது. பரு இருந்தால் ஒரு சிரிப்பு. அதை மறைத்தால் இன்னொரு சிரிப்பு. வகுப்பறையில் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு பாடங் கேட்கும் பிள்ளைகளை ஆசிரியர் எவரும் அறிவர். எனவே இதனை வெறும் அலங்காரக் கதை என்று ஒதுக்கிவிட இயலாது.

பழைய ரோமாபுரியிலிருந்து தொடங்குவோம். முகப்பூச்சு மருந்துகளைப் பற்றியே ஒரு கவிதை இயற்றியவர் ஓவிட். அதில் ஏறத்தாழ நூறு அடிகளே இன்று எஞ்சியுள்ளன. அவருக்குப் பின் வந்த மார்ஷியல், சுண்ணப் பொடியும் ஈயவெள்ளையும் அப்பிய முகங்கள் மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சுவதை நையாண்டி செய்தார். அரங்கில் முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு செல்வனையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவனுடைய நெற்றி நிறைய ஒட்டுத் துண்டுகள். அவற்றை எடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும் என்கிறார் கவிஞர். அவன் ஒருகாலத்தில் சூடிடப்பட்ட அடிமை. சுட்டவன் சிரிப்புக்கு ஆளாகவில்லை; சுட்ட வடுவை மறைத்தவனே சிரிப்புக்கு ஆளானான் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அதே ரோமர் காலத்தில் வேறு வகையாகச் சிந்தித்த ஒரு கைவினைஞரும் இருந்திருக்கிறார். 2003ஆம் ஆண்டு இலண்டனில் சதக் பகுதியில், ரோமர் காலக் கோயில் ஒன்று இருந்த இடத்தை அகழ்ந்தபோது மூடியோடு கூடிய சிறு சிமிழ் ஒன்று கிடைத்தது. அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்குரியது. உள்ளே வெண்ணிறக் கிறீம். மூடியின் உட்புறத்தில் அதைத் தொட்டெடுத்தவரின் விரல் தடம். பிறிஸ்ரல் பல்கலைக்கழக ஆய்வாளர் அதனைப் பகுத்து 2004இல் முடிவை வெளியிட்டனர். மிருகக் கொழுப்பு, மாப்பொருள், வெள்ளீய ஒட்சைட்டு ஆகிய மூன்றுமே அதன் சேர்மானம். வெண்மை தருவதற்கு நஞ்சான ஈயம் சேர்க்கப்படவில்லை. தீங்கற்ற வெள்ளீயம் சேர்க்கப்பட்டிருந்தது. அதே அளவுகளில் ஆய்வாளர் அக்கிறீமை மீண்டும் செய்து பூசிப் பார்த்தனர். கொழுப்பு உடற்சூட்டில் உருகிப் பரவியது. மாப்பொருள் அந்தப் பிசுபிசுப்பை அடக்கி, மெதுமையான ஒரு படலத்தை விட்டது. பூச்சு கட்டியாகவும் நிற்கக் கூடாது, காய்ந்து உதிரவும் கூடாது என்ற சிக்கலை அந்தப் பெயரறியாத கைவினைஞர் அன்றே விடுவித்திருக்கிறார்.

ஆயினும், பின்வந்த ஐரோப்பா ஈயவெள்ளையையே விரும்பியது. அது மலிவானது, தோலில் நன்றாகப் பற்றும், எத்தகைய தழும்பையும் மூடும். பெரியம்மை பிரபு வீட்டுக்கும் குடிசைக்கும் வேற்றுமை பாராமல் புகுந்த காலம் அது. 1562ஆம் ஆண்டு ஒக்டோபரில் முதலாம் எலிசபெத் அரசிக்கு அம்மை கண்டது. அரசி பிழைத்தெழுந்தார். அருகிலிருந்து பணிவிடை செய்த மேரி சிட்னிக்கு அந்நோய் தொற்றி, அவருடைய முகம் சிதைந்தது. கவிஞர் பிலிப் சிட்னியின் தாயார் அவர்.

பதினேழாம் நூற்றாண்டிலே கருநிறப் பட்டுத் துண்டுகளைச் சிறு பொட்டாக வெட்டி முகத்தில் ஒட்டும் வழக்கம் ஓங்கியது. பருவும் தழும்பும் அதனடியில் மறைந்தன. தம் மனைவி இத்தகைய பொட்டை ஒட்டியதைச் சாமுவெல் பீப்ஸ் 1660ஆம் ஆண்டு நாட்குறிப்பிலே பதிந்துள்ளார்.

அடுத்த நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து இலண்டனுக்கு வந்த மரியா கன்னிங் என்ற பெண்ணின் கதை நெஞ்சை உறுத்துவது. பேரழகி எனப் புகழ்பெற்று, கொவன்றி பிரபுவை மணந்தவர் அவர். பரிஸ் நகரில் ஒரு விருந்தில், மனைவி கன்னத்தில் செம்மை பூசியிருப்பதாக ஐயுற்ற பிரபு, பலர் முன்னிலையில் அவரைத் துரத்திப் பிடித்துத் துணியால் அழுத்தித் துடைத்தார் என்று ஹொறேஸ் வோல்போல் எழுதிய கடிதம் கூறுகிறது. பூச்சை அவர் விடவில்லை. 1760இல், இளம் வயதிலேயே இறந்தார். ஈயம் சேர்ந்த பூச்சே அவர் உயிரைக் குடித்தது என்பது பரவலான கருத்து. ஈயம் தோலைக் கெடுக்கும். கெட்ட தோலை மறைக்க மேலும் ஈயம் பூசப்படும். மறைப்பே நோயாகி, அந்நோய்க்கு மீண்டும் அதுவே மறைப்பாகிய கொடிய வட்டம் இது.

இவ்வட்டத்தை உடைக்க முதலில் வழிகண்டது நாடக உலகமே. ஜேர்மனியின் ஒப்பேராப் பாடகர் லுட்விக் லைக்னர் 1873ஆம் ஆண்டு பேர்லினில், ஈயம் கலவாத கொழுப்புப் பூச்சைக் குச்சி வடிவிலே செய்து விற்கத் தொடங்கினார். நஞ்சு போயிற்று, தடிப்பு மட்டும் எஞ்சியது. மேடைக்கும் பார்வையாளருக்கும் இடையே தூரம் இருந்தவரை தடிப்பால் குறையில்லை. திரைப்படம் வந்து, கமெரா முகத்தின் அண்மைக்குச் சென்றபோதுதான் சிக்கல் எழுந்தது. நடிகர் சிரித்தால் பூச்சு வெடித்தது.

அதற்கு விடை கண்டவர், போலந்தில் பிறந்து 1904இல் அமெரிக்கா சென்ற மக்ஸ் ஃபக்டர். 1914இல் கிறீம் போன்று மெல்லியதாய், முகத்தசையோடு சேர்ந்து அசையும் பூச்சை அவர் உருவாக்கினார். பின்னர் வண்ணப்படம் வந்தபோது, கொழுப்புப் பூச்சின் மினுமினுப்புப் புதிய இடையூறாயிற்று. அதனைப் போக்க அவருடைய நிறுவனம் ஆக்கியதே 'பான்கேக்'. 1937இல் திரையிலும் 1938இல் கடைகளிலும் அது அறிமுகமாயிற்று. வில்லையாக இறுக்கிய பவுடரை ஈர ஸ்பொஞ்சால் தொட்டு மெல்லியதாய் ஒற்றுவதே அதன் முறை.

கருவி நல்லதாயினும் கை தடித்தால் பயனில்லை. சென்னை ஜெமினி ஸ்ரூடியோவில் பணியாற்றிய அசோகமித்திரன், அந்நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நினைவுநூலில் பான்கேக்கை நினைவுகூர்கிறார். லொறி லொறியாக வந்திறங்கிய அந்தப் பூச்சு, பார்க்கச் சகிக்கும் முகங்களையும் விகாரமாக்கிய விதத்தை அவருக்கே உரிய அடங்கிய நகையோடு அவர் சித்திரிப்பதை வாசித்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இதே காலப்பகுதியில் அமெரிக்காவில் லிடியா ஓலியரி என்ற பெண்மணி வேறொரு வாயிலைத் திறந்தார். முகத்திலே பெரிய செம்மறுவோடு பிறந்து, அதனாலேயே வேலை மறுக்கப்பட்டவர் அவர். தம் மறுவை மறைக்கத் தாமே ஒரு பூச்சை ஆக்கி 1932இல் காப்புரிமையும் பெற்றார். மறைத்தல் என்பது ஏமாற்றுவதன்று, நாலு பேர் நடுவே நடமாடுவதற்கான உரிமை என்பதை அவருடைய வாழ்வு காட்டிற்று.

1972இல் இவ்வரலாற்றுக்கு மருத்துவ அறிவு ஒரு விளக்கம் சேர்த்தது. அமெரிக்கத் தோல் மருத்துவர்களான கிளிக்மனும் மில்ஸும், சில அழகுசாதனங்களே தோல்துளைகளை அடைத்துப் பருவை உண்டாக்குகின்றன என்று எடுத்துக்காட்டினர். மரியா கன்னிங்கைச் சூழ்ந்த வட்டம், நஞ்சு நீங்கிய பின்னரும் வேறு வடிவில் சுழன்றது என்பது அப்போது தெளிவாயிற்று. துளைகளை அடைக்காத பூச்சுகள் என்று இன்று விற்கப்படுபவை இந்தச் சிந்தனையின் வழிவந்தவையே.

இவ்வளவு வரலாறும் நடைமுறையில் கற்பிப்பது என்ன? பருவுக்கான மருந்துகள் பல தோலை உலர்த்தி, நுண்ணிய செதிள்களை எழுப்புகின்றன. பூச்சிலுள்ள தூள் அந்தச் செதிள்களில் தங்கித் திட்டுத்திட்டாய்த் தெரிகிறது. ஆதலால் முதலில் முகத்தை மென்மையாகக் கழுவி, ஈரம் காக்கும் கிறீமைத் தடவிச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். செம்மை மிகுந்தால், அந்த இடத்தில் மட்டும் பச்சைச் சாயலுள்ள பூச்சை மிகச் சிறிதளவு இடலாம்; பச்சை செம்மையைத் தணித்துக் காட்டும். அதன்மேல் தன் நிறத்துக்கு ஒத்த பூச்சை, முகம் முழுவதும் அப்பாமல், பருவின்மேல் மட்டும், தேய்க்காமல், விரல் நுனியாலோ ஈர ஸ்பொஞ்சாலோ ஒற்ற வேண்டும். போதாவிடின், அது படிந்த பின் இன்னொரு மெல்லிய படை. பவுடர் பெயருக்குத்தான். இரவில் அனைத்தையும் கழுவிவிடல் வேண்டும். ஆறாத பருவுக்கு மருத்துவரே துணை.

ஒன்றை மறக்கலாகாது. நிறத்தை வெளுப்பாக்கும் என்று விற்கப்படும் கிறீம்கள் சிலவற்றில் இரசம் கண்டறியப்பட்டுள்ளது. 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை இரசம் கலந்த அழகுசாதனங்களைத் தடுக்க வேண்டி வந்தமைக்கு இதுவே காரணம். ஈயவெள்ளையின் காலம் முற்றாக முடிந்துவிடவில்லை.

நேயர்களே, தோலை அழித்துவிட்டு அதன்மேல் வேறொரு முகத்தை எழுத முயன்ற பூச்சுகள் யாவும் வெடித்தன, உதிர்ந்தன, சில கொன்றன. தோலைத் தோலாகவே இருக்கவிட்டுக் குறையை மட்டும் தணித்தவையே நிலைத்தன. நம் பிள்ளை கண்ணாடி முன் சற்று அதிக நேரம் நின்றால், அங்கே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. எதைப் பூசுகிறது, எவ்வளவு பூசுகிறது என்று அன்போடு கேட்பதே பெரியவர் கடமை.