நான்கு தகடுகளில் ஒரு திருமுகம்

நம் இல்லச் செபமேடையில் வேளாங்கண்ணி அன்னையின் நாட்காட்டிப் படமொன்று நெடுங்காலம் இருந்தது. ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் கட்டை அகற்றிவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தியிருந்தனர் பெரியோர். அப்படத்தில் ஒரு குறை உண்டு. அன்னையின் சேலைக் கரையை ஒட்டி, மயிரிழை அளவில் ஒரு நீலக்கோடு உருவத்தைவிட்டு விலகி நின்றது. சிறு வயதில் அதனை ஒளிவட்டத்தின் ஒரு பகுதி என்றே எண்ணி வணங்கினோம். நீல வண்ணத்திற்குரிய தகடு சற்றே நகர்ந்து பதிந்ததன் விளைவு அது என்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம்.

அத்தகைய படங்களை நாடெங்கும் அனுப்பிய ஊர் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர் என்பது யாவரும் அறிந்த செய்தி. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் வேண்டும். லேபிள் அச்சிட வந்த லித்தோ இயந்திரங்களே காலப்போக்கில் தெய்வத் திருவுருவங்களையும் அச்சிட்டன. திரு இருதய ஆண்டவரும் முருகப் பெருமானும் நாகூர் தர்காவும் அடுத்தடுத்து உலர்ந்த கூடங்கள் அவை.

லித்தோ என்பது கல்லச்சு. எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் எளிய உண்மையைக் கொண்டு 1796இல் பவேரியாவில் செனபெல்டர் இதனைக் கண்டறிந்தார். இக்கல்லச்சில் ஈடுபாடு கொண்டு சோதனைகளில் இறங்கியவரே பிரான்சு நாட்டு நியப்ஸ். வெள்ளீயக் கலவைத் தகட்டில் நிலக்கீல் பூசி, எண்ணெய் தடவி ஒளி ஊடுருவச் செய்த சித்திரத்தாளை அதன்மேல் வைத்து வெயிலில் காட்டினார். ஒளி பட்ட இடம் இறுகியது. படாத இடம் லாவண்டர் எண்ணெயில் கரைந்தது. 1826இல் அவர் இவ்வாறு பதிவு செய்த படங்களுள் ஒன்று கர்தினால் ஜார்ஜ் தாம்புவாஸ் அவர்களின் திருமுகம்! புகைப்படக்கலை அச்சுக்கலையின் வீட்டில் பிறந்த பிள்ளை என்றே சொல்லத் தோன்றுகிறது.

அவ்விரு கலைகளும் நம் பகுதியில் மீண்டும் ஒரு கூரையின்கீழ் சேர்ந்தன. சிவகாசிக்கு அருகிலுள்ள கோவில்பட்டியில் 1940களில் தங்கிய சி. கொண்டையராஜு (1898-1976), நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்தவர். புகைப்பட நிலையமும் நடத்தினார். நாடகத் திரையின் வளைவும் தூணும் பூந்தோட்டமும் அவரது நாட்காட்டிப் படங்களில் பின்னணியாக வந்தன. நிழலும் ஒளியும் முகத்தைத் திரட்டிக் காட்டும் முறையோ புகைப்படத்தின் கொடை. தம் மாணவர்களோடு சேர்ந்து வரைந்த படங்களில் அவர்கள் பெயரையும் இடம்பெறச் செய்தார். அப்பெருந்தன்மை இத்தொழிலில் மிகுதியாகக் காணக் கிடைப்பதன்று.

ஓவியம் அச்சகத்தை அடைந்தபின் நடந்ததே நம்மை வியக்க வைப்பது. தொடக்கத்தில் ஒவ்வொரு வண்ணத்தையும் கல்லிலோ துத்தநாகத் தகட்டிலோ கையாலேயே புள்ளி புள்ளியாகப் பிரித்து வரைந்தனர். பிராசஸ் கேமரா வந்தபின் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி வழியே மூன்று நெகட்டிவ்கள் எடுக்கப்பட்டன; அவற்றிலிருந்து முறையே நீலம், சிவப்பு, மஞ்சள் தகடுகள்; நான்காவது கறுப்பு. இருந்தும் கேமரா பிரித்தது அப்படியே உதவாது. அச்சுமைகள் தூயவை அல்ல. சிவப்பு மையில் மஞ்சளின் சாயல் கலந்திருக்கும், நீல மையில் சிவப்பின் சாயல். திருத்தாமல் அச்சிட்டால் நீல வானம் கலங்கிப்போகும். எனவே ரீடச்சிங் செய்பவர் தூரிகையில் மருந்து தொட்டு, பிலிமிலுள்ள புள்ளிகளைக் கரைத்துச் சிறிதாக்குவார். பெர்ரிசயனைடும் ஹைப்போவும் கலந்த இம்மருந்து, 1883இல் ஹோவர்ட் பார்மர் என்பவர் வெளியிட்டது; இருட்டறையில் படத்தை வெளிறச் செய்யப் புகைப்படக்காரர்கள் கையாண்டதும் இதுவே. ஒரு நொடி தாமதித்தால் புள்ளியே மறைந்துவிடும். கரைந்ததை மீட்க வழியில்லை.

இங்கேதான் நமக்கு ஒரு நெருடல். முகத்தில் நீலப் புள்ளிகளைக் குறைத்தால் நிறம் வெளுத்து ரோஜாச் சாயல் ஏறும். வாங்குவோர் அதையே விரும்பினர் என்பர். கரிசல் மண்ணின் வெயிலில் உழைக்கும் பெண்கள் மண்டியிட்டு மன்றாடும் அன்னைக்கு, அவர்தம் நிறத்தை ஏன் அளிக்கலாகாது? இதனை எந்த ஆயரும் விதிக்கவில்லை. எந்த மறைநூலும் கூறவில்லை. சந்தை விரும்பியதைத் தூரிகை செய்தது. நாமும் அதனைச் சட்டமிட்டு மாட்டினோம். ஆகவே பழியை அச்சுக்கூடத்தின்மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று.

பின்னர் ஸ்கேனரும் கணினியும் வந்து, வண்ணம் பிரிக்கும் வேலையைத் திரையில் முடித்தன. ஆடிப்பெருக்கன்று புதிய நாட்காட்டி ஆல்பங்களை வெளியிடும் வழக்கம் சிவகாசியில் இன்றும் தொடர்கிறது. மருந்து தொட்ட தூரிகைக்கு வேலை இல்லை.

நம் படத்தின் அடியில் ஓவியரின் கையொப்பம் இருந்தது. முகத்தைத் திருத்தியவரின் பெயர் அதில் எங்கும் இல்லை.