பட்டான் கல்

போரில் மாண்டவனுக்கு ஊர் எடுத்த கல்லை ‘நடுகல்’ என்கிறோம். சங்கப் பாடல்களில் ஊறிய சொல் அது. வினைத்தொகை என்பதால் நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் மூன்றும் அதில் அடங்கும். நாற்றுக்கும் கல்லுக்கும் நம்மவர் ஒரே வினையை வைத்தார்கள். கல்லைத் தேடிக் காண்பது முதல் படையலிட்டு வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் அடுக்குகிறது. அவற்றில் ஒன்றுதான் நடுதல்.

ஆனால் செங்கம், தருமபுரிப் பக்கத்துக் கற்களில் பெரும்பாலும் வெட்டியிருப்பது வேறு பெயர்: ‘பட்டான் கல்’. பல்லவர் காலத்துக் கல்வெட்டுகளில் முதலில் அரசனின் ஆட்சியாண்டு வரும். பிறகு அந்த வட்டாரத் தலைவன், அவனுடைய சேவகன். அதன்பின், எந்த ஊர்த் தொறுவை மீட்கப்போய் அவன் விழுந்தான் என்ற செய்தி. தொறு என்றால் மாட்டுமந்தை. கடைசியில் ‘பட்டான் கல்’ என்று முடிந்துவிடும். அரசனுக்கு அதில் ஆண்டுக்கணக்கு மட்டுமே, கல் சேவகனுடையது.

இதற்கும் பல நூற்றாண்டு முந்தியவை தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த மூன்று கற்கள். எழுத்து தமிழி. ஒன்றில் ‘கல்’ என்ற சொல்லும், தீயன் அந்தவன் என்ற பெயரும், கூடல் ஊர் ஆகோள் என்ற செய்தியும் இருக்கின்றன. ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். ‘பட்டான்’ அங்கே இல்லை. ஆகோள் என்றதுமே அவன் கதி ஊராருக்குத் தெரிந்திருக்கும்.

இந்தப் ‘படு’ என்ற வினையில்தான் என் மனம் நிற்கிறது. பொழுது பட்டது என்கிறோம். காய்ந்து நிற்பதைப் பட்ட மரம் என்கிறோம். செடி வாடினால் ‘பட்டுப்போச்சு’ என்று வீட்டில் வருந்துகிறோம். சூரியனுக்கும் மரத்துக்கும் உரிய அதே சொல்லைத்தான் விழுந்த வீரனுக்கும் வெட்டினார்கள். வீரமரணம் என்ற இன்றைய பெரிய சொல்லைவிட, விழுந்ததை விழுந்ததாகச் சொல்லும் இந்த எளிய சொல்லே எனக்கு உயர்வாகப் படுகிறது.

கல்வெட்டோடு அது நின்றுவிடவில்லை. தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் வெட்டுப்பட்டு இறந்தவர்களைப் ‘பட்டவன்’ என்று சாமியாகக் கும்பிடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளிலோ பழைய வீரனின் பெயர் மறந்து, கல் வேடியப்பன் ஆகிவிட்டது. பொங்கலும் படையலும் தொடர்கின்றன. கல்லில் எழுத்து இருப்பது பலருக்குத் தெரியாது.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று. எருமைகளைக் காக்கப்போய்க் கருந்தேவக்கத்தி பட்டான். அவன் அருகே ஒரு நாயையும் செதுக்கி, ‘கோவிவன்’ என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்த நாய் அது. ஆனால் அதற்குப் ‘பட்டான்’ என்ற வினையை எழுதவில்லை. ‘காத்திருந்தவாறு’ என்று எழுதியிருக்கிறார்கள்.