சாரலுக்கும் சீசனுக்கும் நடுவில் ஒரு ~

தென்காசிக்காரர்களிடம் ஜூன் மாதத்தில் "குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்டால், "சாரல் விழுது, இன்னும் தண்ணி வரல" என்பார்கள். சாரலும் சீசன்தான், ஆனால் சீசனுக்கு முந்தியது. இந்தச் சின்ன விஷயம் கணினிக்குப் புரிய ரொம்ப நாளாச்சு.

2011-இல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது, ஞாபகம் இருக்கா? சி-டாக் உருவாக்கிய போஸுக்கு அடிப்படை டெபியன். அதில் மென்பொருளை நிறுவுவது டிபிகேஜி. எந்தப் பதிப்பு புதுசு என்று அதுதான் முடிவு செய்யும்.

2.0 வெளிவருவதற்கு முன் சோதனைக்காக 2.0ஆர்சி1 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய விதி அகராதி மாதிரி: இரண்டும் ஒரேபோலத் தொடங்கினால், நீளமானது பிந்தியது. அப்போ ஆர்சி1 போட்டவருக்கு முழு 2.0 பழசாகத் தெரியும். அப்டேட் வரவே வராது. சோதனைப் பிழைகளோடு அப்படியே கிடப்பார். இதைச் சமாளிக்க 1.9+2.0ஆர்சி1 என்று பொய்ப்பெயர் வைத்தார்கள். இல்லாவிட்டால் முன்னால் "1:" சேர்த்தார்கள். அதற்கு ஈபோக் என்று பெயர். ஒருதடவை சேர்த்தால் அப்புறம் எடுக்கவே முடியாது.

டெபியன் கடைசியில் கண்டுபிடித்த வழி ~ குறி. 2.0~ஆர்சி1 என்று எழுதினால், ~ ஒன்றுமில்லாத வெற்றிடத்துக்கும் முன்னால் நிற்கும். கூடுதலாக ஒரு குறி சேர்ந்து இடம் முன்னே போவது விசித்திரமா? நமக்கு இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் அகம் என்ற சொல்லுக்கு முன்னால் அக்கம் வருகிறது. புள்ளி வைத்த க், வெறும் க-வுக்கு முந்தி. யூனிகோடு எண்களை மட்டும் பார்த்து அடுக்கினால் இது தலைகீழாகிவிடும். (தமிழ்ப் பெயர்ப்பட்டியலை அடுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

ஆர்பிஎம் உலகம் ~ குறியை 2012-இல், 4.10 பதிப்பில்தான் எடுத்துக்கொண்டது. அதுவரை ஃபெடோராவில் வெளியீட்டு எண்ணை 0.1 என்று தொடங்கிச் சமாளித்தார்கள்.

டாம் பிரஸ்டன்-வெர்னர் தொடங்கிய செம்வெர் விதி ~ குறியைத் தொடவில்லை, சிறு கோட்டை எடுத்தது: 2.0.0-ஆர்சி1 என்றால் 2.0.0-க்கு முந்தியது. டெபியனிலோ அந்தக் கோடு பொதி கட்டியவரின் திருத்த எண்ணைப் பிரிக்கிறது. அதே பெயரை அப்படியே அங்கே கொண்டுபோனால் அது 2.0.0-க்குப் பிந்தியதாகிவிடும். அதனால் டெபியனுக்குப் பொதி கட்டுபவர்கள் இன்றும் அந்தக் கோட்டை ~ ஆக மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.